பந்தல் நிறைய ஆண் பூ

பெரம்பலூர்,
14.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன். உன் புடலைப் பந்தலில் பூத்திருப்பதெல்லாம் ஆண் பூ என்று பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் போனில் சொன்னாள். அதற்குக் காரணம் வெயில் இல்லை, விதை இல்லை, அவள் சந்தேகப்படுகிற எதிர்வீட்டுக் கண்ணும் இல்லை. நான்தான். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகத் தாவர ஹார்மோன் பாடம் நடத்தி, பிள்ளைகளிடம் ‘ஆக்சின் சார்’ என்று பட்டம் வாங்கிய உன் தம்பி, போன மாதம் உனக்குப் பாட்டிலை மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

போனில் சொல்லியிருப்பேன். நீதான் என் நம்பரை பிளாக் செய்துவிட்டாயே. தபால் ஆபீசில் இன்லண்ட் லெட்டர் கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்து, “கோர்ட்டு கேஸா சார்?” என்றாள். “இல்லம்மா, குடும்பம்” என்றேன். “அப்ப ஸ்பீட் போஸ்ட்ல போட்ருங்க” என்றாள். அனுபவஸ்தி போலிருக்கிறது.

பிளாக் செய்ததில் உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். குடும்ப வாட்ஸாப் குழுவில் உன் வீட்டு முகப்பைப் படம் பிடித்துப் போட்டு, ‘செப்டம்பரிலிருந்து வாடகைக்கு, நல்ல தண்ணீர்’ என்று எழுதியது அவசரம்தான். ஆனால் பேச்சு உன் வாயிலிருந்து வந்தது, அக்கா. மாமாவின் வருட நினைவுப் பூசை முடிந்து பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, ரசவாளியும் கையுமாக நின்றுகொண்டு சொன்னாய்: “இந்த வருசம் நானே புடலை போடுறேன். மாதா பொறந்தநாள் காணிக்கை ஏலத்துக்கு என் பந்தல்லேருந்து மொத காய் போச்சுன்னா இங்கயே கெடப்பேன். போகலன்னா வூட்டப் பூட்டிட்டு லியோகூடப் போயிடுறேன். அதோட எல்லாரும் வாய மூடணும்.” நாங்கள் மூடினோம். நான் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் திறந்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். புடலங்கன்று இரண்டு இலை விடும்போது தெளிக்க வேண்டியது எத்திலீனை வெளிவிடும் மருந்து. எத்திலீன் என்பது வாழைக்காயைப் பழுக்க வைக்கிற அதே வாயுதான். புடலை, பாகல் கொடிகளில் அது பெண் பூவைக் கூட்டும். நான் கொடுத்தது ஜிப்ரெல்லிக் அமிலம். அது கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே இழுத்துவிட்டுக் கொடியை நீளமாக்கும், ஆண் பூவைக் கூட்டும். கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நான் கண்ணாடி கொண்டுபோகவில்லை.

பெண் பூவைக் கண்டுபிடிப்பது சுலபம். பூவுக்குக் கீழே விரற்கடை அளவுக்குப் பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். தினமும் பார். இருந்தால் எழுது. இல்லாவிட்டாலும் எழுது.

உன் தம்பி,
லியோ பிரபு


வரதராசன்பேட்டை,
20.7.2025

லியோவுக்கு,

தோத்திரம். கடிதம் கிடைத்தது. நீ ஆறாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போடுகிறாய். குளிக்கும்போதுகூடக் கழற்ற மறந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, “அக்கா, கண்ணு மங்குது” என்று அழுதவன் நீ. கடைக்கு மட்டும் கண்ணாடி இல்லாமல் போயிருக்கிறாய். சரி.

கொடி நன்றாகத்தான் ஓடுகிறது. பந்தலைத் தாண்டி, துணிக்கொடியைத் தாண்டி, கக்கூஸ் ஓட்டுமேல் ஏறிவிட்டது. சாயங்காலமானால் பூ விரிகிறது. பீடத் துணிக்கு உன் ஜெயராணி பின்னிக் கொடுத்தாளே, அந்த லேஸ் மாதிரி ஓரமெல்லாம் வெள்ளை நூல். காலையில் வாடிக் கீழே கிடக்கிறது, நான் கூட்டுகிறேன். பிஞ்சு வைத்த பூ ஒன்றுகூட இல்லை. பொன்னுத்தாய் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு தினம் ஒன்று சொல்கிறாள். நேற்று, “என்னா டீச்சர், பந்தல் பூரா ஆம்பளயாவே நிக்கிறானுவ, எலக்சன் கூட்டமாட்டம்” என்றாள். நான் சிரிக்கவில்லை. அப்புறம் உள்ளே வந்து கொஞ்சம் சிரித்தேன்.

எனக்கு அலுப்பாக இருக்கிறது, லியோ. முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளுக்கு அ, ஆ போட்டுக் கொடுத்ததில் இவ்வளவு அலுத்ததில்லை. பந்தலுக்கு மூங்கில் கட்டவே முதுகு விட்டுப்போனது. மாதா பிறந்தநாள் செப்டம்பர் எட்டு. பிஞ்சு வைத்து, நீண்டு, பறிக்கிற பதம் வர வேண்டும். ராஜதுரை இப்போதே கோயில் வாசலில், “டீச்சர், ஒங்க காய மொதல்ல ஏலம் விடுறேன், வருமா வராதா?” என்று கேட்கிறான். அவன் ஏலம் விடுகிற குரலிலேயே கேட்பதால் தெருவுக்கே கேட்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். கொடியின் சுருள் ஒன்று மாமாவின் ஸ்கூட்டர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டது. கையகலம் இடைவெளி இருந்தது, காலையில் பார்த்தால் மூன்று சுற்று சுற்றியிருக்கிறது. அவிழ்க்கப் போனேன், அறுந்துவிட்டது. அங்கே ஒரு பிரேக் இருப்பது அதற்கு எப்படித் தெரிந்தது? பாடம் நடத்துகிறவன் நீ. எழுது.

சுகன்யா மேரி


பெரம்பலூர்,
25.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். தெரியாது, அக்கா. அதற்கு ஒன்றுமே தெரியாது. அதுதான் அந்தப் பாடத்தில் எனக்குப் பிடித்த இடம்.

சுருள் நுனி காற்றில் சும்மா வட்டம் போட்டுக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத மெதுவில், இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவன் கை மாதிரி. ஏதாவது தட்டுப்பட்டால், தொட்ட பக்கத்தில் வளர்ச்சி மட்டுப்படும், தொடாத பக்கம் வேகமாக நீளும். ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் நீளாவிட்டால் என்ன ஆகும்? வளையும். வளைந்தால் இன்னும் கொஞ்சம் உரசும், உரசினால் இன்னும் வளையும். ஆக்சின் முதலான ஹார்மோன்கள் இரண்டு பக்கத்திலும் ஒரே அளவாக வேலை செய்யாததுதான் காரணம். ஸ்கூட்டர் மேல் பாசம் எல்லாம் இல்லை. மாமாவின் ஸ்கூட்டராக இல்லாமல் உன் குடைக்கம்பியாக இருந்தாலும் சுற்றியிருக்கும். இதை நான் வகுப்பில் சொல்லும்போது பின்பெஞ்சு ஒருவன், “சார், அப்ப கல்யாணமும் இப்படித்தானா?” என்று கேட்டான். வெளியே நிற்க வைத்தேன். அவன் கேட்டது சரிதான் என்பது வேறு விஷயம்.

இப்போது ஒரு வேலை செய். கொடியின் தலையைக் கிள்ளிவிடு. நுனியில் உண்டாகிற ஆக்சின் கீழே இறங்கி, பக்க மொட்டுகளையெல்லாம் தூங்கப் போட்டுவைத்திருக்கும். மூத்தவன் பேசிக்கொண்டே இருந்தால் மற்றவர்கள் வாய் திறக்காத வீடு மாதிரி. தலை போனால் பக்கக் கிளை எழும்பும். பெண் பூ அதிகம் வருவது பக்கக் கிளையில்தான்.

இனி அந்தக் கண்ணாடி விஷயம். நீ கண்டுபிடித்துவிட்டாய் என்று ‘சரி’ என்ற ஒற்றை வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. கண்ணாடி மூக்கின்மேல்தான் இருந்தது. கடைக்காரர் இரண்டு பாட்டிலையும் மேசையில் வைத்து, “எது வேணும் சார், காய்க்கறதா, நீள்றதா?” என்று கேட்டார். நீள்றது என்றேன்.

கோபப்படு. ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுக் கோபப்படு. மாமா போய் ஒரு வருடமாகிறது. நீ அந்த வீட்டில் தனியாக இருக்கிறாய். விழுந்தால் பொன்னுத்தாய் எட்டிப் பார்க்கும்வரை கிடக்க வேண்டும். இங்கே மாடியில் தனி அறை, குழாயைத் திறந்தால் வெந்நீர், கோயில் கூப்பிடு தூரம். ஒரு கொடிக்குக் கொம்பு விழுந்துவிட்டால் பக்கத்தில் இன்னொரு கொம்பை ஊன்றுவதில் என்ன தப்பு? அதைத்தான் நான் செய்தேன், கொஞ்சம் கோணல் வழியில்.

ஜெயராணி ஓசூரில் மகள் வீட்டில்தான் இருக்கிறாள். பேரனுக்குப் பல் முளைத்ததும் வருகிறேன் என்றாள். நான்கு பல் முளைத்துவிட்டது. இப்போது நடக்கட்டும் என்கிறாள். நான் மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். அங்கே சாம்பாரில் இருக்கிற முருங்கைக்காயை எண்ணிப் போடுகிறார்கள். எனக்கு அந்த எண்ணிக்கையில் இன்னும் முறை வரவில்லை.

லியோ


வரதராசன்பேட்டை,
2.8.2025

லியோ,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஐந்தாறு நாள் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் கெட்ட வார்த்தை வந்திருக்கும். நான் மரியாயின் சேனையில் இருப்பவள்.

பூவை ஆணாக்கி அக்காவை மூட்டை கட்ட வைக்கலாம் என்று நினைத்திருக்கிறாய். என் பந்தயத்தில் நீ கள்ள ஆட்டம் ஆடியிருக்கிறாய். அதுவும் செடியை வைத்து. என் முகத்துக்கு நேரே, “அக்கா, நீ இங்கே இருக்கக் கூடாது” என்று சொல்லியிருந்தால் ஒரு அறை விட்டுவிட்டு மறந்திருப்பேன்.

கொம்பு விழுந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். மாமா எனக்குக் கொம்பு என்று யார் சொன்னது? பேங்குக்குப் போனால் கையெழுத்துப் போடத் தெரியாமல் நடுங்குவார். டாக்டரிடம் அவருக்கு எங்கே வலிக்கிறது என்று நான்தான் சொல்வேன். மழை வந்தால் எந்தப் பக்கம் ஒழுகும் என்றுகூட அவருக்குத் தெரியாது. புடலை ஒன்றுதான் அவர் தனியாகச் செய்த வேலை. பிஞ்சு ஒரு முழம் வந்ததும் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார், காய் பாம்பு மாதிரி சுருளாமல் நேராக இறங்க. அதற்கென்றே ஓடையில் பொறுக்கிய கல்லெல்லாம் ஒரு டப்பாவில் வைத்திருந்தார். நத்தை மாதிரி, சிப்பி மாதிரி வரி விழுந்த கல். அடக்கத்துக்கு வந்த நீ, “கல்லான கடல் நத்தை, அக்கா, பள்ளி ஆய்வகத்துக்கு” என்று டப்பாவோடு எடுத்துப் போனாய். ஞாபகம் இருக்கிறதா?

தனியாக இருப்பது அலுப்புத்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன். டீ போடும்போது கை தானாக இரண்டு டம்ளரை எடுக்கிறது. ஒன்றைத் திரும்பக் கவிழ்த்து வைக்கிறேன். ஜெபமாலை சொல்லும்போது பாதி மந்திரத்தை யார் சொல்வார்கள் என்று நின்று பார்க்கிறேன், பிறகு இரண்டு பாதியையும் நானே சொல்கிறேன். ஆனால் அந்த அலுப்பு நான் பெரம்பலூர் பஸ் ஏறினால் கூடவே டிக்கெட் எடுக்கும். உன் மாடி அறையில் எனக்கு முன்னாடி போய் உட்கார்ந்திருக்கும். இங்கே அதற்கு என்னைப் பழகிவிட்டது.

தலையைக் கிள்ளிவிட்டேன். கிள்ளும்போது, மாமா திட்டுவார் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். பக்கத்தில் நாலைந்து இடத்தில் பச்சையாக முண்டுகிறது. உன் பாடம் பலிக்கிறதா, மாதா இரங்குகிறாளா தெரியவில்லை. இரண்டு பேரில் மாதாவைத்தான் நம்புகிறேன்.

நீ கொடுத்த பாட்டிலைப் பற்றி எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. இப்போது சொல்ல மாட்டேன். நீ கொஞ்ச நாள் வேகு.

சுகன்யா மேரி


பெரம்பலூர்,
18.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். வெந்துவிட்டேன்.

நேற்று ஜெயங்கொண்டத்தில் எங்கள் பள்ளி இயற்பியல் சாருக்கு வீடு குடிபுகுவிழா. போய்விட்டு நேராகத் திரும்பிவிட்டேன். உன் பக்கம் வர நேரம் இல்லை. கூட்டம், வெயில், பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. இதை எதற்கு இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, போன வாரம் வகுப்பில் அதே பாடம் நடத்த நேர்ந்தது. ஒரு பெண் எழுந்து, “சார், சுருள் சுத்திச் சுத்தித் தேடியும் எதுவும் கெடைக்கலன்னா?” என்று கேட்டாள். பதில் புத்தகத்திலேயே இருக்கிறது. எதுவும் கிடைக்காத சுருள் கொஞ்ச நாள் பார்க்கும். பிறகு தன்னைத்தானே சுருட்டிக்கொள்ளும். அப்புறம் காய்ந்துவிடும். எத்தனையோ வருடமாக இதைச் சொல்லிக்கொண்டு வருகிறேன். அன்றைக்குச் சொல்லும்போது சாக்பீஸ் கையில் ஒடிந்தது. பிள்ளைகள் நான் பழைய ஆள், தடுமாறுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்று எழுதினேனே, அது பொய் இல்லை, ஆனால் பாதிதான். ஜெயராணி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. அவளுக்கு அங்கே பிடித்துவிட்டது, அவ்வளவுதான். அவள் அழைத்தால் நானும் ஓய்வு பெற்றதும் போகலாம். அவள் அழைக்கவில்லை. சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்து கதவைத் திறக்கிறேன். நான் காலையில் வைத்துப் போன இடத்திலேயே செருப்பு இருக்கிறது. டிவியைப் போட்டுவிட்டு அது பேசுவதற்குப் பதில் சொல்கிறேன். உனக்குக் கொம்பு நடுகிறேன் என்று வந்தவன், கையை நீட்டித் துழாவிக்கொண்டு இருந்திருக்கிறேன். உன் ஸ்கூட்டர் பிரேக்தான் தட்டுப்பட்டது.

நீ வர வேண்டாம், அக்கா. காய் வந்தாலும் வராவிட்டாலும் வர வேண்டாம். பந்தயத்தை நான் கெடுத்ததால் பந்தயமே செல்லாது என்று ராஜதுரையிடம் நானே சொல்லிவிடுகிறேன். அவன் அதை ஏலக் குரலில் ஊருக்குச் சொல்லட்டும். குழுவில் போட்ட படத்தையும் எடுத்துவிட்டேன். ஓசூரிலிருந்து ஜெயராணி மட்டும், ‘ஏன் எடுத்தீங்க, வீடு போயிடுச்சா?’ என்று கேட்டிருந்தாள்.

எத்திலீன் மருந்தும் வாங்கி வைத்திருக்கிறேன். இனிமேல் தெளித்துப் பயனில்லை, இளங்கன்றில் தெளிக்க வேண்டியது. மேசைமேல் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.

லியோ


வரதராசன்பேட்டை,
2.9.2025

தம்பி லியோவுக்கு,

தோத்திரம். உடம்பு எப்படி இருக்கிறது? மெஸ் சாப்பாட்டில் வயிறு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சீரகத் தண்ணீர் குடி.

ஜெயங்கொண்டத்துக் குடிபுகுவிழாவுக்கு வந்தவன் எங்கள் தெரு முனை டீக்கடையில் எதற்கு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாய்? பொன்னுத்தாய் வந்து, “டீச்சர், ஒங்க தம்பி மாதிரி ஒருத்தரு ரெண்டு டீ குடிச்சுட்டு ஒங்க பந்தலயே பாத்துக்கிட்டுருந்தாரு. நான் கிட்டப் போனதும் பேப்பரத் தலைகீழா புடிச்சுக்கிட்டாரு” என்றாள். நான் அப்போது முக்காலிமேல் நின்று கொடி கட்டிக்கொண்டிருந்தேன். கூப்பிட்டிருக்கலாம். நீ கூப்பிடவில்லை, நானும் திரும்பிப் பார்க்கவில்லை. நம் இரண்டு பேரையும் பெற்றவர்களுக்கு நல்ல பிள்ளைகள் வாய்த்தன.

காய் வந்துவிட்டது. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன், கண் படும் என்று இல்லை, நீ வந்து பாடம் நடத்துவாய் என்று. பக்கக் கிளையில் முதலில் இரண்டு, பிறகு ஏழெட்டு. முதல் காய் என் இடுப்பிலிருந்து தரை தொடுகிறது. நேராக இறங்கியிருக்கிறது, ஒரு வளைவு இல்லை. ராஜதுரை வந்து பார்த்துவிட்டு, “மாமா போட்ட காய்கூட இப்படி வந்ததில்ல டீச்சர்” என்று மெல்லிய குரலில் சொன்னான். அவனுக்கு மெல்லிய குரல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பந்தயம் செல்லும். நான் ஜெயித்துவிட்டேன். இங்கேதான் இருப்பேன்.

நீ ஏழாம் தேதியே வந்துவிடு. எட்டாம் தேதி பூசை முடிந்து ஏலம். என் காயை நீதான் தோளில் சாத்திக் கோயிலுக்குத் தூக்கி வர வேண்டும், எனக்கு முதுகு முடியாது. வெள்ளைச் சட்டை போடாதே, கறை பிடிக்கும். அப்புறம் நாலு நாள் இருந்துவிட்டுப் போ. சனி ஞாயிறுக்கு வா. வாரா வாரம் வந்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இரண்டாவது டம்ளரை எதற்கு எடுத்தோம் என்று நிற்காமல் இருக்கலாம். சீக்கிரம் தூங்கிவிடுவேன், நீ டிவியோடு பேசிக்கொள். உன் நம்பரையும் நேற்று திறந்துவிட்டேன். அதற்காகக் காலையில் பூப்படம் போட்டு ‘இனிய நாள்’ அனுப்பாதே. மறுபடி பூட்டிவிடுவேன்.

வரும்போது மாமாவின் கல் டப்பாவைப் பள்ளியிலிருந்து கேட்டு வாங்கி வா. மற்றக் காய்களுக்குக் கட்ட வேண்டும். முதல் காய்க்குக் கட்ட நல்ல கல் கிடைக்கவில்லை. அலமாரியில் துழாவினால் நீ கொடுத்த பாட்டில் இருந்தது. அதன் மூடி ரொம்ப இறுக்கம், லியோ. ஜூன் மாதமே திறக்கப் பார்த்தேன், என் கட்டைவிரலுக்கு வரவில்லை. பொன்னுத்தாயிடம் கொடுத்துத் திறக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்து மறந்துபோனேன். புடலை முதலில் ஆண் பூவாகத்தான் விடுமாம், ராஜதுரை சொன்னான். கனம் சரியாக இருந்தது. கழுத்தில் கயிறு போட்டு, சீல் உடையாமல், காயின் நுனியில் அதைத்தான் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

அக்கா,
சுகன்யா மேரி